காற்றினால் எழும் பூதம்

காற்றைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். மரக்கிளை அசைவதைக் கண்டு காற்று வீசுகின்றது என்கின்றோம். சைக்கிள் ரயர் விறைப்பதைக் கண்டு காற்று நிறைந்துவிட்டது என்கின்றோம். பெரிய பஸ் வண்டியொன்று தரிப்பிடத்தில் நின்று மீண்டும் புறப்படும்போது அதன் அடியிலிருந்து 'புஸ்' என்றெழும் ஓசையை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். அத்துணை பாரமான வண்டியைப் பிடித்து நிறுத்தியது தாங்கியில் அமுக்கி வைக்கப்பட்டிருந்த காற்றே. பிரேக்கை விடும்போது அக்காற்று வெளியேறும் ஓசையையே நாம் கேட்கின்றோம். இவ்வாறு அமுக்கப்பட்ட காற்றைக் கொண்டு வீட்டு வாசலிலே ஒரு பூதத்தை எழுப்பும் கைவேலையைப் பற்றி இங்கு எழுத எண்ணுகின்றோம். விளையாட்டுத்தனமான பொருளென்று வாசகர்கள் இதனை ஒதுக்கிவிடலாகாது. பௌதிகவியல் பயிலும் மாணவருக்கு இதில் நல்ல பாடம் உண்டு. பெற்றோருக்கும் சிந்திக்க ஒன்று உண்டு.

இக்கலை நேற்று இன்று தோன்றியதன்று. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தெசிபியஸ் என்பார் ஒரு நாவிதரின் மைந்தர். தந்தையாரின் கடையிலிருந்த முகக்கண்ணாடியை எளிதாக ஏற்றி இறக்குவதற்காக, கயிற்றின் மறுமுனையில் ஈயக்குண்டொன்றைக் கட்டி அதனை ஒரு குழாயினுள் இறங்கும்படி அவர் அமைத்தார். குண்டு விரைந்து இறங்கியபோது குழாயினுள் இருந்த காற்று அமுங்கி, ஓசையோடு வெளியேறியது. அந்த ஓசையே அவரைச் சிந்திக்க வைத்ததென உரோமானிய நூலாசிரியர் விற்றுரூவியஸ் எழுதியுள்ளார். முசலமும் உருளையும் கொண்ட பம்பு, நீரின் துணையால் இசைக்கும் ஓர்கன் முதலியவற்றை அவர் பின்னர் ஆக்கினார். கிறிஸ்துவுக்குப் பின் 1ஆம் நூற்றாண்டில் அதே நகரில் வாழ்ந்த ஹீரோன், பலிபீடத்திலே தீ மூட்டியதும் கோயிற் கதவு தானே திறக்கும் பொறியொன்றை விவரித்துள்ளார். சூடேறி விரிந்த காற்று நீரைத் தள்ள, அந்நீர் ஒரு வாளியில் நிறைய, வாளியின் பாரம் கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்தது. கண்டவர் வியந்தும் அஞ்சியும் நின்றிருப்பர் என்பதில் ஐயமில்லை.

வியப்பும் அச்சமும் ஊட்டும் அதே தொழிலைக் காற்று இன்று வட அமெரிக்காவில் ஹலோவீன் இரவிலே செய்கின்றது. ஒக்ரோபர் 31ஆந் திகதி, கிறிஸ்தவர்களின் சகல புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு அது. பண்டைய அயர்லாந்து மக்களின் குளிர்காலத் தொடக்க விழாவோடு தொடர்புடைய இவ்வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய அயர்லாந்துக்காரர் தம்முடன் கொண்டு சென்றனர். பிள்ளைகள் பேயாகவும் பூதமாகவும் வேடமிட்டு வீடு வீடாகச் சென்று இனிப்புப் பெறுவர். வீட்டாரும் தத்தம் வாசலை எலும்புக்கூடு, சிலந்திவலை, பூசணிக்காய் விளக்கு ஆகியவற்றால் அலங்கரிப்பர். அசையாத பொம்மையைக் காட்டிலும் அசையும் பொம்மை கூடுதலாக அச்சுறுத்தும் அன்றோ? 1963இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் காற்றின் விசையால் அலகசைத்துப் பாடும் பறவைகளின் மண்டபம் திறக்கப்பட்டது. 1969இல் அங்கேயே பேய் மாளிகை ஒன்றும் திறக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் பெரும் பணச் செலவில் ஆக்கிய இத்தகைய பொம்மைகளை இப்போது பள்ளி மாணவரும் தம் வீட்டுக் கராச்சிலேயே ஆக்கிப் பார்க்கின்றனர்.

2022ஆம் ஆண்டு ஒக்ரோபரில் எமது தமக்கையாரின் அழைப்பின் பேரில் கனடா சென்றிருந்தபோது இதனை நேரிற் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் அவர் குடும்பம் வாழ்கின்றது. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஈழத்தமிழர் பெருந்தொகையாகச் சென்று குடியேறிய இடங்களுள் அதுவும் ஒன்று. பதினாறு வயதினனான எமது மருமகன் கராச்சின் ஒரு மூலையிலே பலகைகளும் குழாய்களும் பரப்பி, பெட்டியொன்றிலிருந்து திடீரென எழுந்து அமரும் எலும்புக்கூடு ஒன்றைச் செய்துகொண்டிருந்தான். "மாமா, நீங்கள் படிப்பிக்கிற பாடந்தானே இது?" என்று எம்மை அழைத்தான். பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் நாம் எழுதிவரும் சமன்பாடுகள் அங்கே இரும்பாகவும் றப்பராகவும் கிடந்தன. அமுக்கம், முசலம், வரிச்சுருள் ஆகிய சொற்களை அவன் எம்மிடம் கேட்டறிந்தான். எதை எதனோடு பூட்டுவதென்பதை நாம் அவனிடம் கேட்டறிந்தோம்.

புதிதாகத் தொடங்குவோர் அறியவேண்டியவை அதிகமில்லை. முதலாவது, காற்றை அமுக்கும் கொம்பிரசரும் அதனைச் சேமிக்கும் தாங்கியும். ரயர்களுக்குக் காற்றடிக்கும் கடைகளில் நாம் காண்பதும் இதுவே. இரண்டாவது, அமுக்கச் சீராக்கி. தாங்கியினுள் எவ்வளவு அமுக்கம் இருப்பினும், பொம்மைக்கு வேண்டிய அளவை மாத்திரம் இது வெளியே விடும். அந்த அளவை அருகிலுள்ள மானி காட்டும். மூன்றாவது, உருளை. உலோகக் குழாயொன்றினுள் இறுக்கமாகப் பொருந்திய முசலம் ஒன்றும், அதனோடு இணைந்து வெளியே நீளும் தண்டு ஒன்றும் சேர்ந்ததே உருளை எனப்படும். சைக்கிள் பம்பை நினைவிற் கொள்க. பம்பிலே நாம் தண்டைத் தள்ளக் காற்று வெளியே போகின்றது. இங்கே காற்று உள்ளே புகுந்து தண்டைத் தள்ளுகின்றது.

உருளைகள் இருவகைப்படும். ஒருவகையில் காற்று ஒரு பக்கத்தால் மட்டுமே புகும். தண்டைத் திருப்பி இழுப்பது ஒரு வில்லுச்சுருள். மற்றையதில் இரு பக்கமும் வாயில் உண்டு. ஒரு வாயிலாற் காற்றுப் புகும்போது மறுபக்கத்துக் காற்று வெளியேறும்; திசையை மாற்றினால் தண்டு திரும்பும். பொம்மை வேலைக்கு இரண்டாம் வகையே சிறந்தது. போக்கின் வேகத்தையும் வரவின் வேகத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்த அதுவே இடந்தரும். அமெரிக்காவிற் சிலர் வீட்டுக் கதவை மெல்ல மூடுவதற்கென விற்கப்படும் மலிவான உருளைகளைத் துளையிட்டு இதற்குப் பயன்படுத்துவதுண்டு. அவை கதவின் வேகத்தைத் தணிக்க ஆக்கப்பட்டவை. அமுக்கிய காற்றைத் தாங்குவதற்கென ஆக்கப்பட்டவையல்ல. தாங்கும் அமுக்கத்தின் அளவு பொறிக்கப்பட்ட உருளையையே வாங்குதல் நன்று.

நான்காவது, வால்வு. காற்று எவ்வழியாற் செல்லவேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கும். கம்பி சுற்றிய வரிச்சுருள் ஒன்றினூடாக 12 வோல்ற்று மின்னைச் செலுத்தியதும் அது காந்தமாகி, உள்ளிருக்கும் சிறு தண்டை நகர்த்தும். காற்றின் பாதை மாறும். மின் நின்றதும் வில்லுச்சுருள் அதனைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். இங்கு மறவாது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மின் இல்லாத நிலையில் பொம்மை படுத்திருக்கும்படியே குழாய்களைப் பூட்டல் வேண்டும். அவ்வாறாயின் மின்தடை ஏற்படினும் பூதம் எவர்மீதும் பாயாது. ஐந்தாவது, அந்த மின்னைத் தொடக்கிவைக்கும் கருவி. ஆள் நடமாட்டத்தை அறியும் உணரி, காலால் மிதிக்கும் விரிப்பு, கையால் அழுத்தும் பொத்தான் என அது பலவகைப்படும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். விசை என்பது அமுக்கத்தைப் பரப்பினாற் பெருக்க வருவது. 40 மில்லிமீற்றர் உள்விட்டமுடைய உருளையினுள் 400 கிலோபஸ்கால் அமுக்கத்தில், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 58 இறாத்தல் அளவில், காற்றைச் செலுத்துவோமாயின் 500 நியூற்றனுக்குச் சற்றுக் கூடிய விசை கிடைக்கும். 50 கிலோ அரிசி மூடையொன்றைத் தூக்கப் போதிய விசை இது. கைக்குள் அடங்கும் ஒரு சிறு குழாய்க்குள் இத்துணை வலிமையா என்று வியப்போரும் உளர். விட்டத்தை 20 மில்லிமீற்றராகப் பாதியாக்கினால் விசையும் பாதியாகும் என்று எண்ணிவிடலாகாது. பரப்பு நான்கிலொன்றாகக் குறைவதால் விசையும் நான்கிலொன்றாகவே குறையும். தேர்வு மண்டபத்தில் மாணவர் பலர் இடறும் இடமும் இதுவே.

மருமகனின் உருளையின் தண்டு 10 சென்ரிமீற்றர் தூரமே நீளக்கூடியது. எலும்புக்கூட்டின் தலையோ ஒரு மீற்றர் எழவேண்டும். இதற்கு நெம்புகோல் கைகொடுக்கின்றது. பிணைச்சலிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளித் தண்டைப் பூட்டி, ஒரு மீற்றர் தள்ளித் தலையை வைத்தால், தண்டு நகரும் தூரத்தைப் போற் பத்துமடங்கு தூரம் தலை நகரும். ஆனால் இயற்கை எதனையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. தூரம் பத்துமடங்காகும்போது விசை பத்திலொன்றாகின்றது. 50 கிலோ தூக்கிய உருளை, தலைப்பக்கத்தில் 5 கிலோவைத்தான் தூக்கும். ஆதலாற் பொம்மையின் தலையை றெஜிபோமாலும் துணியாலும் ஆக்குவர். வேகமும் பத்துமடங்காகும் என்பதை ஈண்டு மறத்தலாகாது. தண்டு அந்த 10 சென்ரிமீற்றரை ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கில் கடக்குமாயின், தலை அதே நேரத்தில் ஒரு மீற்றரைக் கடக்கும். சராசரி வேகம் மணிக்கு 18 கிலோமீற்றர். விரைந்து வரும் சைக்கிள் ஒன்று மோதுவதற்கு ஒப்பானது அது.

கந்தசஷ்டி விரதம் தொடங்கிய மறுநாள் மாலை அவன் முதன்முறையாகப் பொறியை இயக்கினான். ஆர்வமிகுதியால் அமுக்கத்தை 600 கிலோபஸ்காலுக்கு ஏற்றியிருந்தான். பொத்தானை அழுத்தியதும் எலும்புக்கூடு வெடித்தாற்போல் எழுந்து, பின்னாலிருந்த மரச்சட்டத்தில் 'படார்' என அடித்து நின்றது. வால்விலிருந்து காற்று சீறி வெளியேறியது. தாங்கியின் அமுக்கம் குறைந்ததால் கொம்பிரசரும் தடதடவென்று ஓடத் தொடங்கியது. அவனுக்கோ சொல்லொணா மகிழ்ச்சி. சமையலறை வாசலில் நின்ற தமக்கையார் சுவரோடு ஒட்டி, நெஞ்சிலே கை வைத்தபடி நின்றார். "உதை நிப்பாட்டு மோனை" என்று மட்டும் கூறி உள்ளே சென்றுவிட்டார். விரதகாலத்தில் வாசலிலே சவப்பெட்டி வைப்பது எந்த ஊர் வழக்கம் என்று அத்தான் உரத்துக் கேட்டார். பையன் அது பெட்டிதானே என்றான். அத்தான் அது சவப்பெட்டி என்றார். அன்றிரவு அவ்வீட்டில் எவரும் எவருடனும் அதிகம் பேசவில்லை.

நாம் தமக்கையாரின் அருகிற் சென்று அமர்ந்தோம். அவர் சிறிது நேரம் கழித்து, "தம்பி, சத்தம் கேட்டால் எனக்கு இப்பவும் கால் ஓடத்தான் பார்க்குது" என்றார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், எடுத்த பொருளோடும் எடாத பொருளின் நினைவோடும், தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த இரவு அது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய தெருவில் அடிமேல் அடிவைத்து நகர்ந்த அக்கூட்டத்தில் தமக்கையாரும் நாமும் இருந்தோம். பின்னால் எழுந்த ஒவ்வொரு ஓசைக்கும் அவர் எமது கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இருபத்தேழு ஆண்டுகளும் ஒரு சமுத்திரமும் கடந்துவிட்டன. ஆயினும் ஒக்ரோபர் கடைசி வாரத்தில் அவருக்கு உறக்கம் சரிவர வருவதில்லை. மருமகன் கதவருகே நின்று இதனைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த இரவைப் பற்றி அவனுக்கு முன்னர் எவரும் சொல்லியிருக்கவில்லை. அவன் கேட்கக் கேட்கத் தமக்கையார் சொன்னார். நாம் அறியாத சிலவற்றையும் அன்றுதான் அறிந்தோம்.

மறுநாள் அவன் எம்மிடம், "அப்ப ஹலோவீனையே விட்டுவிடட்டோ மாமா?" என்று கேட்டான். விடவேண்டும் என்று எமக்குத் தோன்றவில்லை. அச்சத்தை விளையாட்டாக்குவது எமது மக்களுக்கும் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே சூரன்போர் நாளில் நடப்பது யாது? சூரனின் பேருருவைத் தோளிற் சுமந்து முன்னே ஓடுவர், பின்னே சாய்வர், தலையை ஆட்டுவர், ஒரு தலை வீழ மறுதலை பூட்டுவர். தந்தையின் தோளில் இருக்கும் குழந்தை வீரிட்டு அவர் தலைமயிரைப் பற்றிக்கொள்ளும். ஆயினும் அடுத்த ஆண்டும் போகவேண்டுமென அதுவே அடம்பிடிக்கும். சூரன் தன்னிடம் வரமாட்டான் என்பதும், தன்னைத் தாங்கியிருக்கும் தோள் விலகாது என்பதும் குழந்தைக்குத் தெரியும். அந்த உறுதி இருக்கும்வரை அச்சமும் இனிக்கும். 1995இல் நடந்த மக்களுக்கு அந்த உறுதி இருக்கவில்லை. ஆதலின், பூதத்தை நிறுத்துவதை விட்டு, பூதத்தின் முன் நிற்பவருக்கு அந்த உறுதியை எவ்வாறு கொடுக்கலாம் என்று யோசி என்றோம்.

அதன் பின் அவன் செய்தவையே இக்கைவேலையின் உயிர்நாடி எனலாம். முதலில் அமுக்கத்தை 300 கிலோபஸ்காலாகப் பாதியாக்கினான். இலேசான பொம்மைக்கு அதுவே போதுமாயிருந்தது. அடுத்து, உருளையின் இரு வாயில்களிலும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு திருகுகளைப் பூட்டினான். இவை உள்ளே வரும் காற்றைத் தாராளமாக விட்டு, வெளியேறும் காற்றையே நெருக்கும். வெளியேற இயலாது தேங்கும் காற்று முசலத்துக்கு முன்னால் மெத்தைபோல நிற்பதால் தண்டு துள்ளாமல் சீராக நகரும். காற்று வெளியேறும் துளைகளில் ஒலியடக்கிகளைத் திருகினான். சீறல் பெருமூச்சாகத் தணிந்தது. மரச்சட்டத்துக்குத் தடித்த றப்பர் ஒட்டினான். எலும்புக்கூடு இப்போது ஓசையின்றி மெல்ல எழுந்து, கழுத்தைச் சாய்த்து, எதிரே நிற்பவரைப் பார்த்தது. முன்னையதைவிட இதுவே எமக்குக் கூடிய மயிர்க்கூச்சை உண்டாக்கியது. சவப்பெட்டியும் ஒரு பழைய பெட்டகமாக மாறியது; அத்தானே அதற்கு வர்ணம் பூசினார்.

கொம்பிரசரின் ஓசையை நீக்குவதற்கு 1662இல் வெளியான போயிலின் விதி உதவியது. அத்தாங்கி 24 லீற்றர் கொள்வது. அதனை 800 கிலோபஸ்கால் வரை நிரப்பி, 300 வரை குறைய விட்டால், சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் ஏறத்தாழ 120 லீற்றர் காற்று பயன்பாட்டுக்குக் கிடைக்கும். எலும்புக்கூடு ஒருமுறை எழுந்து படுக்க ஏறத்தாழ ஒரு லீற்றர் செலவாகும். குழாய்களில் நிரம்புவதையும் கசிவையும் கழித்தாலும் நூறு தடவை எழுப்பலாம் அல்லவா? எனவே மாலையில் தாங்கியை நிரப்பியபின் கொம்பிரசரை நிறுத்திவிடுவது என முடிவாயிற்று. தாளிற் போட்ட கணக்கு ஒரு வீட்டின் அமைதியைக் காத்ததை நாம் அன்று கண்டோம்.

இக்கைவேலையில் இறங்க எண்ணும் மாணவர்களுக்குச் சில எச்சரிக்கைகளையும் கூறுதல் எமது கடன். தண்ணீருக்குப் பயன்படும் பி.வி.சி. குழாயை அமுக்கிய காற்றுக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அது வெடித்தால் கூரிய துண்டுகளாகச் சிதறி, சன்னம்போற் பாயும். பொறியிற் கை வைப்பதற்கு முன் மின்னை நிறுத்துவது மாத்திரம் போதாது. குழாய்களில் எஞ்சியுள்ள காற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். காற்று முழுவதையும் ஒரே அசைவில் அடைத்து வெளியேற்றும் கைவால்வு ஒன்று எட்டும் இடத்தில் இருத்தல் அவசியம். நீண்டநேரம் நின்ற பொறிக்கு முதன்முறை காற்றைத் திறக்கும்போது உருளையினுள் எதிர்த்து நிற்கக் காற்று இராது. ஆதலால் திருகுகள் இருந்தும் தண்டு ஒருமுறை துள்ளும். அவ்வேளை எவரும் அருகில் நிற்றல் கூடாது. தாங்கியின் அடியில் தேங்கும் நீரை நாள்தோறும் வடித்துவிடல் வேண்டும். இன்றேல் உள்ளே துரு ஏறும். பொம்மை எட்டக்கூடிய தூரத்துக்கு அப்பால் வேலி கட்டி, பிள்ளைகளை அதற்கு வெளியே நிறுத்துதல் வேண்டும். பிணைச்சல்களிடையே விரல் அகப்படாதபடி பலகையால் மறைத்தலும் வேண்டும். பெரியவர் ஒருவர் துணையின்றி இதனைத் தொடங்குதலே கூடாது.

இறுதியாக ஒன்று எஞ்சியிருந்தது. ஆள் வந்ததும் தானே இயங்கும் உணரியை வைப்பதா, கையால் அழுத்தும் பொத்தானை வைப்பதா? மருமகன் உணரியையே விரும்பினான். உணரிக்கு யாரோ வருகின்றார் என்பது தெரியும். வருபவர் மூன்று வயதுக் குழந்தையா, முப்பது வயது வாலிபரா, ஓசைக்கு நடுங்கும் முதியவரா என்பது தெரியாது. நாம் இதனைச் சொல்லவும், அவன் சற்றே யோசித்து, பொத்தானை நீண்ட கம்பியிற் பூட்டித் தன் தாயாரின் கையிற் கொடுத்தான். "அம்மா, நீங்கள் அமத்தினால்தான் அது எழும்பும். நீங்கள் அமத்தாட்டில் எழும்பாது" என்றான். அவர் தயக்கத்தோடு ஒருமுறை அழுத்தினார். எலும்புக்கூடு எழுந்தது. விட்டார், படுத்தது. மீண்டும் அழுத்தினார். நான்காவது தடவை அவர் முகத்திற் சிறு நகை அரும்பியதை நாம் கண்டோம்.

அவ்வாண்டு சூரன்போர் ஒக்ரோபர் 30ஆந் திகதியும், ஹலோவீன் மறுநாளும் வந்தன. முதல்நாள் மாலை அங்குள்ள கோயிலொன்றிற் சூரன்போர் கண்டோம். மறுநாள் இருள் கவிந்ததும் பிள்ளைகள் வரத் தொடங்கினர். தமக்கையார் சால்வையைப் போர்த்து, யன்னலோரம் கதிரையிட்டு, பொத்தானை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். உயர்ந்த பிள்ளைகள் நால்வர் சிரித்துக்கொண்டு வந்தபோது அழுத்தினார். அவர்கள் அலறி ஓடி, மீண்டும் வந்து இன்னொருமுறை காட்டும்படி கேட்டனர். வண்ணத்துப்பூச்சி வேடமிட்ட சிறுமியொருத்தி தாயின் கையைப் பற்றியபடி தயங்கி வந்தபோது அவர் அழுத்தவில்லை. இனிப்பைத் தாமே எடுத்துச் சென்று கொடுத்தார். பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சிறுவன் ஒருவன் அஞ்சி அழத் தொடங்கவே, அவனை அழைத்துச் சென்று, பெட்டகத்தின் பின்புறத் துணியை விலக்கிக் குழாயைக் காட்டி, "இஞ்சை பாரப்பன், உள்ளுக்கை காத்துத்தான்" என்றார். அவன் பொத்தானைத் தானே அழுத்திப் பார்த்து, போக மனமின்றிப் போனான்.

தமக்கையாரின் அச்சம் அன்றோடு தீர்ந்துவிட்டதென நாம் கூறவில்லை. வாணவெடி கேட்டால் இன்றும் அவர் கதவைச் சாத்துவார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒக்ரோபர் கடைசி வாரத்தில் அவர் தொலைபேசியில் பேசும்போது, உறக்கமின்மையோடு வேறொரு செய்தியும் இப்போது வருகின்றது. இம்முறை பூதத்துக்கு எந்தச் சட்டை, எந்தத் தலை என்பது அச்செய்தி. தாயும் மகனும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றனர்.

எமது நாட்டு மாணவருக்குக் கொம்பிரசரும் உருளையும் எளிதிற் கிடையா. ஹலோவீனும் எமது பண்டிகையன்று. ஆயினும் பாடத்தைத் தொடங்குவதற்கு ஊசி நீக்கிய இரண்டு புதிய மருந்தேற்றும் குழல்களும், அவற்றை இணைக்க ஒரு முழ மெல்லிய றப்பர்க் குழாயும் போதும். ஒன்று சிறிதாகவும் மற்றது பெரிதாகவும் இருக்கட்டும். முதலில் நீரை நிரப்பி ஒன்றை அழுத்துங்கள். மற்றையது உடனே நகரும். பின் நீரை நீக்கிக் காற்றோடு செய்யுங்கள். பெரியதன் தண்டை விரலாற் பிடித்துக்கொண்டு சிறியதை அழுத்தினால் காற்று சுருங்கிக் காத்திருக்கும். விரலை எடுத்ததும் தண்டு துள்ளும். அத்துள்ளலே எலும்புக்கூட்டை எழுப்பியது. பஸ் வண்டியை நிறுத்தியதும் அதே காற்றின் விசையே. அட்டையில் வெட்டிய ஒரு பூதத்தைப் பிணைச்சல் வைத்து அத்தண்டிற் பூட்டிப் பாருங்கள். வீட்டிலே எவரேனும் ஓசைக்குத் திடுக்கிடுபவராயின் காரணத்தை அவரிடம் மெல்லக் கேட்டறியுங்கள். அவர் விரும்பினால், முதலில் அதனை அழுத்திப் பார்க்கும் உரிமையை அவருக்கே கொடுங்கள்.